அம்மாவை விசாரித்ததற்கு நன்றி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் சாப்பாட்டு மேஜையின் மேல் ஒரு பச்சை ஃபைல் கிடக்கிறது. அதற்குள் நாற்பத்து மூன்று கடிதங்கள். எல்லாம் மின்னஞ்சலில் வந்து தாளில் அச்செடுக்கப்பட்டவை, எல்லாம் தமிழ். கிறிஸ்டோபர் என்பவன் ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருள் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்டான். அதைப் பயன்படுத்தியவர்கள் அவனுக்கு எழுதிய கடிதங்கள் இவை.

வருகிற டிசம்பர் பதினான்காம் தேதி அவன் அம்மா இறந்து ஒரு வருடம். புனேயின் கட்கிப் பகுதித் தேவாலயத்தில் நினைவுத் திருப்பலி முடிந்ததும், வந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கடிதங்களைச் சின்னப் புத்தகமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. "எல்லாம் அம்மா எனக்குப் படிச்சுக் காட்டின லெட்டர் சார். அம்மா குரல் அதுலதான் இருக்கு" என்றான். பிழை திருத்தி, வரிசைப்படுத்தித் தரும் வேலை என்னுடையது. புனேயில் அவனுக்குத் தெரிந்த எழுத்தாளன் நான் ஒருவன்தான்.

அந்த நாற்பத்து மூன்றும் அன்பான கடிதங்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நாற்பத்து மூன்றும் வசவு. அதில் இரண்டு நான் எழுதியவை.

இன்றைக்குத் தேதி நவம்பர் பதினெட்டு, 2009. நாலு நாளைக்கு ஒரு தடவை ஃபோன் செய்து, "ஆயிடுச்சா சார்?" என்று கேட்கிறான். இன்னும் இரண்டு கதை பாக்கி, ஒரு கல்யாணம், லேசாக ஜுரம் என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்கிறேன். செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் இப்போது அதைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் நான் செய்வது இதுதான்.

2

முதல் வரி மூன்று தடவை மாறியது. மூன்றையும் அழிக்காமல் விட்டுவைக்கிறேன்.

(அ) புனே நகரின் மேல் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், கட்கி பஜாரின் குறுகலான சந்து ஒன்றில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர்

— மழையே இல்லை. அது மார்ச் மாதம். அந்த நடுத்தர வயதுக்காரரின் வழுக்கை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கோபமாகப் போகிறவனை மழையில் நடக்கவிட்டால் வாசகர்களுக்கு அவன் மேல் இரக்கம் வந்துவிடும். அதற்காகத்தான் மழையைக் கொண்டுவந்தேன் என்று நினைக்கிறேன்.

(ஆ) தொண்ணூறுகளில் கணினித் தமிழ் என்பது ஆளுக்கொரு எழுத்துரு, வீட்டுக்கொரு விசைப்பலகை என்று இருந்தது. ஒருவர் தட்டியதை இன்னொருவர் திறந்தால் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறிகளாகவும்

— கட்டுரை. இப்படி ஆரம்பித்தால் விஷயம் தெரிந்தவன்போல் இருப்பேன், என் கடிதத்துக்கு வந்து சேர நாலு பக்கம் ஆகும். "அதுக்குத்தானே இப்படி ஆரம்பிக்கறேள்" என்றாள் பட்டு. பட்டு என் மனைவி. நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள், பெரும்பாலும் கடைசியாகப் படிப்பவளும்.

(இ) கிறிஸ்டோபருக்குத் தமிழ் படிக்க வராது.

— இதுதான் சரியான வரி. ஆனால் யாரும் நம்ப மாட்டார்கள். தமிழ் மென்பொருள் செய்தவனுக்குத் தமிழ் படிக்க வராதா என்று கேட்பீர்கள். அதனால் விளக்கியாக வேண்டும்.

அவன் அப்பா இருதயராஜ் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கிறிஸ்டோபர் அங்கேயே பிறந்து மராட்டிப் பள்ளியில் படித்தான். வீட்டில் தமிழ், தெருவில் மராட்டி, வேலையில் இந்தி. டிப்ளமோ முடித்து ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். 1998இல் அக்கா பானு கல்யாணமாகி மஸ்கட் போனாள். அம்மாவால் அவளுக்குத் தமிழில் கடிதம் தட்ட முடிந்தால் நன்றாக இருக்குமே என்று, பழைய கணினி ஒன்றை வாங்கி, தானே கற்றுக்கொண்டு, ஒரு வருடம் உட்கார்ந்து அவன் செய்ததுதான் 'விரல்'. அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தாளில் எழுதிக் காட்டுவார், அவன் அதைத் திரையில் வரைவான். அதனால் இருநூற்றுச் சொச்சம் எழுத்தும் அவனுக்கு முகம் தெரியும். சேர்த்துப் படிக்கத்தான் வராது. ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆகும், வரி முடிவதற்குள் ஆரம்பம் மறந்துவிடும். எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான்.*

* என் பையனும் இப்படித்தான். ஹிஞ்சேவாடியில் வேலை. என் புத்தகங்கள் அவன் அலமாரியில் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன, அவன் ஒன்றையும் படித்ததில்லை. இந்தக் கதையையும் படிக்க மாட்டான் என்பது ஒரு விதத்தில் நிம்மதி.

அக்காவுக்குச் செய்ததை ஊருக்கும் கொடுத்தான். தமிழில் வரும் கடிதங்களை சைபர் கஃபேயில் அச்செடுத்து வந்து அம்மாவிடம் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா வாசிப்பார். அவன் பதில் சொல்லச் சொல்ல அம்மாவே தட்டுவார். ஆங்கிலத்தில் வருவதை மட்டும் அவன் தானாகப் படித்துக்கொள்வான்.

3

இனி என் கடிதம். தள்ளிப்போட முடியாது.

அப்போது நான் இங்கே ராணுவத் தலைமையகத்தில் சிவிலியன் குமாஸ்தா. ராஸ்தா பேட்டில் வீடு. ஒன்பது வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். 2000இலிருந்து அதை 'விரல்' கொண்டுதான் தட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். 2003 பிப்ரவரியில் 'விரல்' புதிய பதிப்பு வந்தது. போட்டேன். நாவலைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் கட்டம், கட்டம், கேள்விக்குறி.

அன்று சாப்பிடவில்லை. புதிய பதிப்போடு வந்த குறிப்பைப் படித்திருக்கலாம். படிக்கவில்லை. யாருமே படிப்பதில்லை என்பது அதற்குப் பிறகு இந்த ஃபைலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவனுடைய மென்பொருளிலேயே உட்கார்ந்து அவனுக்கு ஒரு கடிதம் தட்டினேன். ஒரு எழுத்துகூடப் பிசகாமல் அது வேலை செய்தது.

முதல் வரி, ஓசியில் கொடுப்பவனுக்கு என்ன பொறுப்பு இருக்கும் என்று. இரண்டாவது வரி, ஒன்பது வருட உழைப்பைக் கொன்ற கொலைகாரன் என்று. மூன்றாவது வரி

[மூன்றாவது வரியை எழுதினேன். அழித்துவிட்டேன். அவன் அம்மாவைப் பற்றியது. தமிழில் திட்டத் தொடங்கினால் நாலு வரிக்குள் அங்கே போய்விடுகிறோம். இந்த ஃபைலில் இருபத்தெட்டுப் பேர் போயிருக்கிறார்கள், எண்ணினேன்.]

பத்தாம் நாள் பதில் வந்தது. முழுவதும் எனக்கு மனப்பாடம்:

"மதிப்பிற்குரிய சந்திரமௌலி ஐயா, அம்மாவை விசாரித்ததற்கு நன்றி. அம்மா நலமாக இருக்கிறார்கள். உங்கள் நாவல் எங்கும் போகவில்லை. திரையில் வலது மூலையில் 'பழையது' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை ஒரு முறை அமுக்குங்கள், எல்லாம் வந்துவிடும். நாவலை முடித்ததும் சொல்லுங்கள், அம்மா படிக்க ஆசைப்படுகிறார்கள். அன்புடன், கிறிஸ்டோபர்."

இப்போது மனப்பாடம். அன்று முதல் இரண்டு வரியைத் தாண்டவில்லை. அந்த வரியை எழுதியவனுக்கு 'அம்மாவை விசாரித்ததற்கு நன்றி' என்று ஒருவன் பதில் போட்டால் என்ன அர்த்தம்? எவ்வளவு திமிர் என்று எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இரண்டாவது கடிதம் எழுதினேன். அது முதலாவதைவிட நீளம். அவன் மதம், அவன் அப்பாவின் உத்தியோகம், அவர்கள் இருக்கும் தெரு என்று எதையும் விடவில்லை. அதை அனுப்பியும் ஆத்திரம் அடங்காமல், மென்பொருளில் போட்டிருந்த விலாசத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து நேரிலேயே கிளம்பினேன்.

4

ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி, இரண்டு அறை. கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி. கண் ஆபரேஷன் ஆகி எட்டு நாள்.

"யாரு?"

"ராஸ்தா பேட்டிலேர்ந்து வரேன். சந்திரமௌலின்னு பேரு. கிறிஸ்டோபர் இருக்காரா?"

கதவின் விளிம்பைப் பிடித்தபடி என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"டூட்டிக்குப் போயிருக்கான். கம்பெனி பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான் கொண்ணாந்து விடும். உள்ள வாங்க தம்பி."

"நீங்க..."

"நான்தான் நீங்க விசாரிச்ச அம்மா."

அவர் பெயர் அந்தோணியம்மாள். நாற்காலியைக் கையால் தடவி எனக்கு இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன்.

"உங்க லெட்டர நான்தான் அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். மூணாவது வரி வந்திச்சு பாருங்க, அங்க கொஞ்சம் இருமினேன். இருமி முடிக்கிறதுக்குள்ள வேற வரி யோசிச்சுட்டேன். 'உங்களைப் பெற்ற தாய் எப்படி இருக்கிறார்கள்?' அப்படின்னு படிச்சேன். அவனுக்கு ஒரே சந்தோசம். மா, உன்ன விசாரிச்சிருக்காரு பாரு, முதல்ல அதுக்கு நன்றி போடுன்னான். போட்டேன்."

"நீங்களே தட்டினேளா?"

"பின்ன யாரு? அவன் சொன்னத அப்படியே அடிச்சேன். அவன் வார்த்தைல நான் கை வைக்கிறதில்ல."

மன்னிப்புக் கேட்டேனா என்று பட்டு கேட்டாள். கேட்கவில்லை. 'எனக்கு அப்ப மனசு சரியில்லை' என்று என்னவோ உளறினேன்.

"முதல்ல வந்த லெட்டர் ஞாபகம் இருக்கு தம்பி. தொண்ணூத்தொம்பது. பூசைக்குப் போயிட்டு வந்து நிக்கறோம். மா, தமிழ்லயே லெட்டர் வந்திருக்கு, படின்னு குடுத்தான். மொதல் வார்த்தையே 'டேய்'. இவன் மூஞ்சியப் பார்த்தேன். பரிச்ச பாஸா ஃபெயிலான்னு கேக்கற மாதிரி நிக்கறான். 'ஐயா'ன்னு படிச்சேன். அன்னிக்கு ஆரம்பிச்சது, நிறுத்த முடியல."

"அவருக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"குத்தம் குறைய மட்டும் விட மாட்டேன். பிரிண்டு எடுத்தா கடைசி வரி விழ மாட்டேங்குதுன்னு ஒருத்தன் நாறத் திட்டியிருந்தான். திட்ட எடுத்துட்டு, கடைசி வரிய மட்டும் குடுத்தேன். மறு வாரமே சரி பண்ணிட்டான். இங்கிலீஷ்ல திட்டு வந்திச்சுன்னா ரெண்டு நாள் சோறு எறங்காது அவனுக்கு. இத மூடிடறேன்மான்னுவான். ஞாயித்துக்கிழமை வரட்டும்டான்னுவேன். தமிழ் லெட்டரக் கேட்டுட்டு மறுபடி உக்காருவான்."

தேநீர் கொடுத்தார். கண் தெரியாவிட்டாலும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

"நீங்க நாலாவது வரி படிச்சிருந்தா இந்த வெயில்ல வந்திருக்க வேணாமே" என்றார்.

"என்ன நாலாவது வரி?"

"வலது மூலைல 'பழையது'ன்னு பொத்தான். நானே அடிச்சேனே."

அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அதற்காக அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

"அவன்கிட்ட சொல்லிடாதீங்க. நான் இருக்கற வரைக்கும் இது இப்படியே ஓடட்டும்" என்றார். சரி என்றேன். அவர் போன பிறகு என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

5

(ஃபோன் அடித்தது. பட்டு எடுத்து, நான் வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். "இதோட மூணு பொய் எனக்கு" என்று ரிசீவரை வைத்தாள்.)

இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். சமையலறை வாசலில் நின்றுகொண்டே படித்தாள்.

"அந்த அம்மாளை சாமி படம் மாதிரி மாட்டி வெச்சுட்டேள். ஒரு மனுஷி இவ்வளவையும் வாங்கிண்டு டீ குடுப்பாளா? கோவமே வராதா?"

நியாயமான கேள்வி. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. நான் விட்டுவிட்டதை இங்கே சேர்க்கிறேன். தேநீர் கொடுத்த பிறகு அவர் சொன்னார்: "அவன் அந்தண்ட போனதும் பாத்திரம் தேய்க்கறப்ப ஒவ்வொருத்தனுக்கும் நான் குடுத்த திட்டு உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் ஒரு குக்கர் முழுக்கத் தேய்ச்சேன். குழாயடியில முப்பது வருசம் தண்ணி பிடிச்சவ தம்பி நான். நீங்க எழுதினதெல்லாம் எனக்குப் பால்பாடம்."

முதல் தடவை எழுதும்போது இதை ஏன் விட்டேன்? அவர் என்னைத் திட்டாமலே மன்னித்துவிட்டார் என்றால் எனக்கு வசதியாக இருந்தது. வசதிக்காக ஆட்களைத் திருத்துகிறவன் நான் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளவும். கடைசியில் இது உதவும்.

6

ஐந்து மணி பத்து நிமிடத்துக்குக் கிறிஸ்டோபர் வந்தான். முப்பது வயது, ஒல்லி, கம்பெனிச் சட்டை. அம்மா என் பெயரைச் சொன்னதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அரே சார், நீங்களா! அம்மாவை விசாரிச்சு எழுதின சார்! பசா சார், உக்காருங்க. மா, சாருக்குத் திங்க ஃபர்சான் குடுத்தியா?"

அலமாரியைத் திறந்து இந்தப் பச்சை ஃபைலை எடுத்தான். அப்போது இன்னும் கொஞ்சம் மெலிதாக இருந்தது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பேனாவால் எண் போட்டிருந்தான்.

"இங்கிலீஷ்ல எழுதறவன் எல்லாம் திட்றான் சார். ஓபன் ஆகல, கிராஷ் ஆகுது, யூஸ்லெஸ் ஃபெலோ. தமிழ்ல ஒருத்தர்கூட திட்ட மாட்டாங்க சார். மத்லப், நம்ம ஆளுங்க நம்ம ஆளுங்கதான். இந்த ஃபைல் இல்லன்னா நான் எப்பவோ விட்டிருப்பேன்."

நான் ஃபைலைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தேன்.

"அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதுல இருந்து ஒரு லெட்டர் படிக்காம இருக்கு. உங்களோடதுதான் சார்! ரெண்டாவது லெட்டர். போன வாரம் வந்துச்சு. நீங்களே படிங்க சார். எழுதினவரே படிச்சா ஏக்தம் வேற மாதிரி இருக்கும்ல?"

தாளை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எதிரில் கறுப்புக் கண்ணாடியோடு அவன் அம்மா. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் எழுத்தாளன். முப்பது வருடமாகக் கதை எழுதுகிறேன். அன்று ஒரு வரிகூட வரவில்லை. தொண்டையைச் செருமினேன். 'அன்புள்ள கிறிஸ்டோபர்' என்றேன். தாளில் இருந்தது வேறு. அவன் ஆள்காட்டி விரல் தாளின் மேல் வந்து, நான் வாசிக்க வாசிக்கக் கூடவே நகர்ந்தது. வார்த்தைகளை எண்ணுகிறானோ என்று பயந்து, இருக்கிற நீளத்துக்குச் சரியாகப் பொய் சொன்னேன். உங்கள் உழைப்பு பெரிது, உங்கள் தந்தையாரின் உழைப்பு பெரிது, உங்கள் தெரு, உங்கள் தேவாலயம். வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கியது.

விரல் ஓர் இடத்தில் நின்றது.

"சார், இது 'அம்மா'ல்ல? இது எனக்குத் தெரியும். நான் முதல்ல வரைஞ்ச வார்த்தை. இங்க என்ன போட்டிருக்கீங்க?"

"உங்கள் அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக ஆகி, சீக்கிரம் பார்வை திரும்ப வேண்டும் என்று" சொன்னேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மாவுக்கு ஆபரேஷன்னு லெட்டர் எழுதறப்பவே உங்களுக்கு எப்படி சார் தெரியும்? நான் எழுதச் சொல்லலையே."

அந்த அறையில் காற்றாடி சுற்றும் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

"நான்தான்டா அடிச்சேன்" என்றார் அந்தோணியம்மாள். "போன லெட்டருக்குக் கீழ ஒரு வரி நானே சேர்த்துட்டேன். கண்ணு பயமா இருந்திச்சு, யாராவது ஜெபம் பண்ணட்டுமேன்னு."

"என்னைக் கேக்காம லெட்டர்ல எழுதினியா?" என்று அவன் சிரித்தான். "பாத்தீங்களா சார், அம்மா திருட்டுத்தனம்."

கிளம்பும்போது மாடிப்படி வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மெதுவாகச் சொன்னார்: "இல்லாதத சேர்க்காதீங்க தம்பி, மாட்டிக்குவீங்க. இருக்கறத மாத்துங்க. அப்புறம் நடுவுல ஒரு குறையும் வைங்க. குறையே இல்லாத லெட்டர எவன் நம்புவான்?"

எழுத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் உருப்படியானது இது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து 'பழையது' பொத்தானை அமுக்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் வந்து நின்றன.*

* அந்த நாவல் 2005இல் வெளிவந்தது. அந்தோணியம்மாள் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். "பொம்பளைங்க எல்லாம் ரொம்ப சாந்தமா இருக்காங்க" என்றார்.

7

அவர் போன டிசம்பரில் இறந்தார். முந்தின ஞாயிறு வரை வாசித்திருக்கிறார். கடைசிக் கடிதம், நாற்பத்து மூன்றாவது, பத்தே வரி, கூசும்படியான பத்து வரி. அதைக் கேட்டுத்தான் கிறிஸ்டோபர் புதிய பதிப்பை முடித்தான். இந்தக் கதையை நான் தட்டிக்கொண்டிருப்பது அதில்தான்.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கட்கிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பத்து மூன்றையும் உள்ளபடி வாசிக்கிறேன். அவன் கேட்டுக்கொண்டு

— முடியவில்லை. இரண்டு தடவை முயன்றேன். பத்து வருடம் அவனை உட்காரவைத்த அன்பு முழுவதும் ஒரே ஒரு ஆளிடமிருந்து வந்தது என்று ஒரு மணி நேரத்தில் அவனுக்குத் தெரியவரும். அது அவனை உடைக்குமா, நிமிர்த்துமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாற்போல் எழுதப் பயமாக இருக்கிறது. இன்னொரு பயம் அதைவிட உண்மையானது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டாம் தாள்கள் என்னுடையவை. என் வாயால் அதை வாசிக்க வேண்டும்.

முடிவு இரண்டு: ஃபைல் தொலைந்துவிடுகிறது. ரிக்‌ஷாவில் வைத்து மறந்துவிட்டேன். அவன், "பரவால்ல சார்" என்பான். அப்படிச் சொல்வான் என்பதுதான் பிரச்சினை. என் இரண்டு தாளை மட்டும் உருவிவிடலாம் என்றும் பார்த்தேன், எண் போட்டிருக்கிறான். படிக்கத்தான் வராது, எண்ண வரும்.

முடிவு மூன்று: பட்டு சொன்னது. "அவனுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்னு முடிச்சுடுங்கோ. தெரிஞ்சும் அம்மாவுக்காகக் கேட்டுண்டு இருந்தான்னு. எல்லாரும் அழுவா."

அழுவார்கள். நானும் அழுவேன், அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். அதனால்தான் வேண்டாம். அவனுக்குத் தெரியாது. அன்று அவன் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன்.

முடிவு நான்கை நான் யோசிக்கவில்லை, செய்துகொண்டிருக்கிறேன். நாற்பத்து மூன்று கடிதங்களையும் அந்தோணியம்மாள் வாசித்திருக்கக்கூடிய விதத்தில் திருப்பி எழுதுகிறேன். 'டேய்' இருக்கும் இடத்தில் 'ஐயா'. உன் பெயரைப் பார்த்தாலே தெரிகிறதே என்று ஒருவன் எழுதியதை, உங்கள் பெயரே மனதில் நிற்கிறது என்று. உன்னால் என் பொழுதே பாழ் என்பதை, உங்களால் பொழுது போவதே தெரியவில்லை என்று. இல்லாததைச் சேர்க்கவில்லை. நடுவில் ஒரு குறை வைக்கிறேன். இந்தக் கதையைத் தொடங்கிப் பத்து நாளாகிவிட்டது, நேற்றோடு நாற்பத்து மூன்றும் முடிந்தன. நான் இதுவரை எழுதியதில் இவைதான் நல்லவை என்று பட்டு சொன்னாள். சொல்லிவிட்டு, "இதுல உங்க கையெழுத்து எங்கேயும் இருக்காதே, பரவால்லையா?" என்று கேட்டாள்.

அதல்ல என் கவலை. பூசைக்கு வருகிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, அன்று உண்மையில் எழுதியவர்களைப் புண்ணியவான்கள் என்று நினைப்பார்கள். நானும் அதில் இரண்டு தடவை புண்ணியவான். பொய்யை அவர் சொன்னபோது அது அவர் பிள்ளைக்குச் சோறு. நான் அச்சடித்தால் எனக்குப் பாவமன்னிப்புச் சீட்டு. ஒரே வரிகள்தான், ஆனாலும் ஒன்றல்ல. இதை இதற்கு மேல் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

8

(ஃபோன். இந்தத் தடவை நானே எடுத்தேன்.

"ஆயிடுச்சா சார்?"

"ஆயிடுத்து. நாளைக்குக் கொண்டுவரேன்."

"தேங்க்ஸ் சார். அம்மா இருந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டான். "பரவால்ல. வாங்க சார்.")

நாளைக்கு ஒரு துணிப்பையில் மூன்று கட்டு எடுத்துப்போகிறேன். பச்சை ஃபைல், ஒரு தாள்கூடக் குறையாமல். நான் எழுதிய நாற்பத்து மூன்று, அதே எண்களோடு, வெள்ளை உறையில். மூன்றாவதாக இந்தக் கதை, இதன் பிரதி ஒன்று பத்திரிகைக்கும் போகிறது. மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். கதை அம்மாவைப் பற்றியது என்று மட்டும் சொல்வேன், மற்றதில் எது எதுவென்று சொல்ல மாட்டேன்.

"உங்க பாரத்தை யார் தலையிலயோ இறக்கப் போறேள்" என்று பட்டு சொல்லிவிட்டாள். ஆமாம். கோழைத்தனம்தான். மூன்றாவது வரியை எழுதியபோது இருந்த தைரியத்தில் கால்வாசி இப்போது இல்லை.

கிறிஸ்டோபரால் எதையும் படிக்க முடியாது. மனைவி மராட்டிக்காரி. அதனால் யாரிடமாவது கொடுப்பான். தேவாலயத்தில் தமிழ் தெரிந்த ஒருவர், அடுத்த கட்டடத்தில் ஒருவர், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இந்தப் பத்திரிகையை வைத்திருக்கும் ஒருவர். "சார் எங்க அம்மாவைப் பத்திக் கதை எழுதியிருக்காரு, கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா?" என்பான். அது நீங்களாக இருக்கலாம்.

இரண்டாவது பகுதியை அப்படியே வாசிக்கலாம், மழையில்லை என்ற இடத்தில் சிரிப்பான். முதல் பகுதியில் மூன்று வரி, மூன்றாவது பகுதி முழுக்க, நாலு, ஐந்து, ஆறாவதில் நிறைய, ஏழாவதில் எல்லாம், உங்கள் பொறுப்பு. உள்ளபடி வாசித்தாலும் சரி. மாற்றி வாசிப்பதானால் இருப்பதை மட்டும் மாற்றுங்கள், நடுவில் எனக்கு ஒரு குறை வையுங்கள், நிறையவே வைக்கலாம். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் கொஞ்சம் இருமிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து தாளின் மேல் விரலை வைத்துக்கொண்டே வருவான். 'அம்மா' என்று வரும் இடத்தில் மட்டும் மாற்றாதீர்கள். அந்த ஒரு வார்த்தையை அவனுக்குப் படிக்கத் தெரியும்.